அம்மாவின் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்

இந்த ஆண்டுப் பொங்கலன்று அம்மா வைத்த சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் இல்லை.

நெய் மிதந்தது. முந்திரியும் திராட்சையும் இருந்தன. ஏலக்காய் வாசம் கூடம்வரை வந்தது. காய்ச்சி வடிகட்டிய வெல்லப்பாகு மட்டும் பாத்திரத்தோடு அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. "வெண்பொங்கல்னு நினைச்சுச் சாப்பிடுங்க" என்று அம்மாவே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். 74 வயதில் இதெல்லாம் சகஜம்தானே என்று விட்டுவிட்டோம்.

அம்மா ஈசூனில் மூவறை வீட்டில் தனியாக வசிக்கிறார். அப்பா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் பொங்கோலில் இருக்கிறேன், தம்பி ஜோகூர் பாருவில். தினமும் வேலை முடிந்து பேருந்தில் வரும்போது அம்மாவை அழைப்பேன். "சாப்பிட்டீங்களாம்மா?" "சாப்பிட்டேன்மா." இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். மனத்துக்கும் நிம்மதி.

பொங்கலுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போனேன். தண்ணீர் எடுக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மூன்று ரொட்டிப் பொட்டலங்கள் இருந்தன, ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. போன வாரம் நான் கொடுத்துவிட்டு வந்த சாம்பார், மூடியைத் திறக்காமல் அப்படியே இருந்தது. நாளிதழில் சுற்றிய முருங்கைக்கீரைக் கட்டு மஞ்சளாகிப் போயிருந்தது. காய்கறித் தட்டில் வாடிய கேரட் ஒன்றே ஒன்று. அலமாரியில் உப்பு பிஸ்கட் டின்கள், கெட்டிப்பால் டப்பாக்கள், ஊறுகாய்ப் போத்தல்கள்.

"என்னம்மா இது? சமைக்கிறதே இல்லையா?"

"தனியா இருக்கிறவளுக்கு என்ன சமையல் வேண்டிக்கிடக்கு? ரெண்டு பிஸ்கட்டைத் தேத்தண்ணியில முக்கித் தின்னா வயிறு ரொம்பிடுது."

நாலு பேருக்குச் சமைத்தாலும் பத்துப் பேர் சாப்பிடும்படி சமைத்தவர் என் அம்மா. அவரிடம் சாப்பிட்டீர்களா என்று நான் தினமும் கேட்டிருக்கிறேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வாட்ஸ்அப் வைத்தியம்

அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைச் சொன்னேன். அரை மணி நேரத்துக்குள் அறிவுரைகள் வந்து குவிந்தன. வல்லாரைக் கீரை நினைவாற்றலைக் கூட்டும். வால்நட் பார்ப்பதற்கே மூளை மாதிரி இருக்கிறது, அதனால் மூளைக்கு நல்லது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் மறதி ஓடிவிடும். தம்பி தன் பங்குக்கு ஜின்கோ மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி அனுப்பினான்.

நானும் சும்மா இருக்கவில்லை. தேக்கா சந்தையில் வல்லாரைக் கட்டுகள் வாங்கினேன். மீன் எண்ணெய் மாத்திரை, 'மூளைக்கு' என்று அட்டையில் போட்டிருந்த ஒரு பவுடர் டின் என்று மாதம் 200 வெள்ளிக்கு மேல் போயிற்று. அம்மா எல்லாவற்றையும் தலையாட்டி வாங்கி அலமாரியில் அடுக்கினார். பிஸ்கட்டும் தேநீரும் தொடர்ந்தன.

இரண்டு மாதம் கழித்து அம்மா எரிவாயு அடுப்பை அணைக்காமல் கீழே காப்பிக் கடைக்குப் போய்விட்டார். கருகல் வாசம் வந்து பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்தான் என்னை அழைத்துச் சொன்னார். நல்லவேளை, பாத்திரம் மட்டுமே கருகியது. அதற்கு மேலும் காத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் கேட்ட கேள்வி

நினைவாற்றல் பற்றி மருத்துவர் ஏதேதோ கேட்பார் என்று நினைத்துப் போனேன். தேதி, கிழமை, படம் வரைதல் எல்லாம் பிறகு வந்தன. அவர் முதலில் கேட்டது இது: "நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை இவர் என்னென்ன சாப்பிட்டார்?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

மெல்ல மெல்லக் கதை வெளிவந்தது. அப்பா போன பிறகு அம்மா மீனையும் இறைச்சியையும் விட்டுவிட்டார், முட்டையையும்தான். தயிரும் மோரும் சளி பிடிக்கும் என்று அவற்றையும் நிறுத்தியிருந்தார். கீழ்ப் பல் செட் ஓராண்டாகத் தளர்ந்துபோய் ஈறில் உரசியதால் கீரைத்தண்டு, பயறு, சப்பாத்தி எதையும் மெல்ல முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. தேநீரில் நனைத்த பிஸ்கட்டுக்குப் பல் தேவைப்படவில்லை. ஓராண்டில் உடல் எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. "சர்க்கரைக்காரங்க இளைச்சா நல்லதுதானே" என்று நாங்கள் மகிழ்ந்திருக்கிறோம்!

இன்னொன்றையும் மருத்துவர் குறித்துக்கொண்டார். அம்மா நீரிழிவுக்காக 15 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, வைட்டமின் பி12 அளவு மிகவும் குறைந்திருந்தது.

நம் வீடுகளில் பலரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. நரம்புகளும் ரத்த அணுக்களும் சரியாக இயங்க பி12 தேவை. இயற்கையில் அது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்கு வழி உணவுகளில்தான் கிடைக்கிறது. கீரையிலும் பருப்பிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கு வேண்டிய இருப்பு இருக்கும் என்பதால், உணவை நிறுத்திய உடனே குறை தெரியாது. மெதுவாகத்தான் தலைகாட்டும். சோர்வு, பாதத்தில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி, குழப்பம் என்று வரும்போது 'வயசாகிறது' என்று நாம் முடிவுகட்டிவிடுவோம்.

வயதாக ஆக வயிற்றில் அமிலம் குறைவதால், உண்ணும் பி12-ஐ உடல் ஈர்ப்பதும் குறைகிறது. மெட்ஃபார்மினை நீண்டகாலம் எடுப்போரிடம் இந்தக் குறைபாடு வரக்கூடும் என்பது நன்கு அறியப்பட்ட ஒன்று. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அறிகுறி உள்ள மெட்ஃபார்மின் பயனாளர்களின் பி12 அளவைச் சோதிக்கும்படி 2022-இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. நெஞ்செரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் எடுக்கும் சில அமிலக் குறைப்பு மாத்திரைகளும் இதே விளைவைத் தரலாம். சைவ உணவு, நீரிழிவு, முதுமை மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பது நம் சமூகத்தில் எவ்வளவு சாதாரணம் என்று எண்ணிப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை யாரும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை தொடரலாம். பி12 அளவைப் பார்த்து, குறைந்தால் ஈடுசெய்வதுதான் வழி. அம்மாவுக்குச் சில வாரங்கள் ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரைக்கு மாற்றினார்கள்.

தம்பி அனுப்பிய ஜின்கோ டப்பாவையும் மருத்துவரிடம் காட்டினேன். அம்மா இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர். இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடலாம் என்று அதை நிறுத்தச் சொன்னார். அன்போடு வாங்கிக் கொடுத்தது ஆபத்தாகியிருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இன்றும் திக்கென்கிறது.

கறியும் காளானும் தேநீரும்

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். சிங்கப்பூரில் முதுமை மறதிநோய் பற்றிய கணக்கெடுப்பை மனநலக் கழகம் நடத்துகிறது. 2013-இல் 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு அந்நோய் இருந்தது. 2023-இல் அது 8.8 விழுக்காடு. விகிதம் சற்றுக் குறைந்தாலும், மூத்தோர் எண்ணிக்கை கூடுவதால் நோயாளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டுதான் போகும்.

உணவையும் நினைவாற்றலையும் இணைத்து இங்கேயே நடந்த ஆய்வுகள் பல. அவற்றில் ஒன்றைக் கேட்டால் நமக்குப் பெருமையாக இருக்கும். இங்கு வாழும் 60 முதல் 93 வயது வரையிலான 1,010 ஆசிய மூத்தோரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு அது. கறி சாப்பிடாதவர்களை அல்லது மிக அரிதாகச் சாப்பிடுபவர்களைவிட, அவ்வப்போதும் அடிக்கடியும் சாப்பிடுபவர்கள் நினைவாற்றல் சோதனையில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர். மஞ்சளில் உள்ள குர்குமின் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் காளான் பற்றி எழுதினார்கள். 60 வயதைத் தாண்டிய 663 சீன மூத்தோரிடம் 2011 முதல் 2017 வரை திரட்டிய தகவல் அது. வாரத்தில் இரண்டு பங்குக்கு மேல் சமைத்த காளான் சாப்பிடுபவர்களிடம் இலேசான அறிவாற்றல் குறைபாடு ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஒரு பங்கு என்பது சுமார் 150 கிராம். தேநீர் பற்றியும் இதேபோன்ற ஆய்வு உண்டு. தொடர்ந்து தேநீர் அருந்தும் சீன மூத்தோருக்கு மறதிநோய் அபாயம் குறைவாக இருந்ததாக அது காட்டியது.

"பார்த்தியா, தேத்தண்ணி நல்லதாம்" என்றார் அம்மா. கெட்டிப்பால் இரண்டு கரண்டி போட்ட தேநீரைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை என்று நான் விளக்க வேண்டியிருந்தது.

காரணமா, அறிகுறியா?

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். இவை மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தவை. கறி சாப்பிடுவதால் நினைவு கூர்மையாக இருந்ததா? அல்லது நினைவு கூர்மையாக இருப்பவர்தான் மிளகாய் அரைத்து, தாளித்து, பக்குவம் பார்த்துக் கறி வைக்கிறாரா?

என் அம்மாவின் வீட்டில் நான் பார்த்தது இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதைத்தான். மோசமான உணவு அவர் நினைவைப் பாதித்தது. நினைவு தளர்ந்ததால் சமையலும் தளர்ந்தது. ஒரு குழம்பு வைக்க எத்தனை காரியங்களை வரிசையாக நினைவில் வைக்க வேண்டும்! புளி ஊற வேண்டும், பருப்பு வேக வேண்டும், அதற்குள் காய் நறுக்க வேண்டும். மறதி தொடங்குபவருக்கு இதுதான் முதலில் சிரமமாகும். வெட்கத்தில் அதைச் சொல்லாமல் 'எனக்குப் பசியில்லை', 'தனியாளுக்கு எதுக்கு' என்பார்கள். சில வகை மறதிநோயின் தொடக்கத்தில் வாசனை நுகரும் திறனும் குறையும். சாப்பாடு ருசிக்காது.

ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கீரை, காய்கறி, பெர்ரி, கொட்டைகள், முழுத்தானியம், மீன், பருப்பு ஆகியவற்றைக் கூட்டி, வெண்ணெய், இனிப்பு, பொரித்த உணவைக் குறைக்கும் 'மைண்ட்' உணவுமுறையை அமெரிக்காவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்தார்கள். அதை நன்கு பின்பற்றியவர்களுக்கு அல்சைமர் அபாயம் வெகுவாகக் குறைந்திருந்ததாக 2015-இல் வந்த ஆய்வு உலகெங்கும் செய்தியானது. பின்னர் 604 பேரை இரு குழுவாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் சோதித்தார்கள். 2023-இல் முடிவு வந்தபோது, மைண்ட் முறையில் சாப்பிட்டவர்களுக்கும், வழக்கமான உணவையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரு குழுவினரும் சற்று முன்னேறியிருந்தார்கள்.

அப்படியானால் உணவுக்குப் பயனில்லையா? பின்லாந்தில் நடந்த 'ஃபிங்கர்' ஆய்வு வேறொரு விடை தருகிறது. 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரில் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகள் நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு என எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் அறிவாற்றல் கூடுதலாக முன்னேறியது. 2015-இல் வெளியான இம்முடிவைப் பின்பற்றி, நம் உணவுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 'சிங்கர்' என்ற ஆய்வு சிங்கப்பூரிலும் நடத்தப்படுகிறது.

'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் மறதிநோய்க்கான 14 அபாயக் காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காடு வரையிலான பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. அந்தப் பட்டியலில் 'உணவு' என்று தனியாக ஒரு காரணி இல்லை. ஆனால் நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடற்பருமன் நான்கும் இருக்கின்றன. நான்கும் அடுப்படியோடு தொடர்புள்ளவை. 'தனிமை' என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுசேர்ப்பவை மெல்லிய ரத்தக் குழாய்கள். சர்க்கரையும் அழுத்தமும் கொழுப்பும் அந்தக் குழாய்களைத்தான் சிதைக்கின்றன. இதயத்துக்கு நல்ல சாப்பாடே மூளைக்கும் நல்லது என்று சொல்வது இதனால்தான்.

நம் தட்டில் என்ன மாற்றலாம்?

உணவியல் நிபுணர் ஒருவரிடம் அம்மாவை அனுப்பினார்கள். தமிழ் பேசும் பெண் அவர். அது எங்கள் அதிர்ஷ்டம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் உணவுத் தட்டுப் படத்தை எடுத்து வைத்தார். பாதித் தட்டு காயும் பழமும். கால் பங்கு முழுத்தானியம். கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, டோஃபு போன்ற புரதம்.

"உங்க தட்டை வரைஞ்சு காட்டுங்க பாட்டி" என்றார். அம்மா முக்கால் தட்டுக்குச் சோறு வரைந்தார். ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, "இது பொரியல்" என்றார்.

பெரும்பாலான நம் வீடுகளில் தட்டு இப்படித்தான். பருப்பு சாப்பிடுகிறோம் என்று நினைக்கிறோம். நீர்த்த சாம்பாரில் ஆளுக்கு எவ்வளவு பருப்பு வருகிறது? மூத்தோருக்குப் புரதத் தேவை குறைவு என்பது தவறான எண்ணம். ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும், அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நாங்கள் செய்த மாற்றங்கள் எதுவும் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. பெர்ரிக்குப் பதில் கொய்யாவும் பப்பாளியும். வால்நட் விலை கட்டுப்படியாகாத வாரங்களில், உப்பில்லாத வேர்க்கடலை வேகவைத்து. கீரை தினமும், தண்டை நீக்கிப் பருப்போடு மசித்து. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை சுண்டல் குழைய வெந்தது. காளானை மிளகு போட்டு வதக்கி வாரம் இருமுறை. வல்லாரை துவையலும் உண்டு. மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லும் அதே கீரைதான். அது நினைவாற்றலை மீட்கும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை. ஆனால் கீரை என்ற முறையில் நல்லது, அம்மாவுக்குப் பிடிக்கும். அது போதும்.

அம்மா மீனுக்குத் திரும்பவில்லை. முட்டைக்கும் தயிருக்கும் மட்டும், "மருந்துன்னு நினைச்சுக்கிறேன்" என்று சம்மதித்தார். மீன் சாப்பிடும் குடும்பங்களுக்குச் சால்மன் கட்டாயமில்லை. கெம்போங் என்று இங்கே விற்கும் கானாங்கெளுத்தியிலும், மத்தியிலும் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது நல்லது.

வெள்ளைச் சோற்றை அடியோடு நிறுத்த நான் முயன்று தோற்றேன். பழுப்பரிசியை அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "மாட்டுக்கு வச்ச மாதிரி இருக்கு" என்றார். பிறகு பாதிக்குப் பாதி கலந்து குழைய வடித்ததும் ஒத்துக்கொண்டார். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுக்கும் மூத்தோர், திடீரெனச் சோற்றை நிறுத்துவது ஆபத்து. ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் மூளைக்கும் கெடுதல்தான்.

உப்புதான் பெரிய போராட்டம். 2022-ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூர்வாசி ஒருவர் நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு 2,000 மில்லிகிராம். அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்பு பிஸ்கட் நான்கும் தினமும் இருந்தால் அந்த வரம்பு எங்கே நிற்கும்? ஊறுகாயை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று பேசி முடித்தோம்.

தேங்காய் எண்ணெயைக் குடிக்கும் திட்டத்தையும் கைவிட்டோம். அதில் உள்ளது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொழுப்பைக் கூட்டும். பி வைட்டமின், ஈ வைட்டமின், மீன் எண்ணெய் வகை மாத்திரைகளை மறதியைத் தடுப்பதற்காக எடுக்கும்படி பரிந்துரைப்பதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. குறைபாடு இருப்பவருக்கு மாத்திரை மருந்து. குறைபாடு இல்லாதவருக்கு அது வீண் செலவு.

கூட உட்கார ஒருவர்

இத்தனையும் எழுதி, பட்டியல் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். முதல் இரண்டு வாரம் பெரிதாக எதுவும் மாறவில்லை. கீரை மறுபடியும் மஞ்சளானது.

மாற்றம் வந்தது பல் செட்டைச் சரிசெய்த பிறகும், அம்மா தனியாகச் சாப்பிடுவதை நிறுத்திய பிறகும்தான். வாரத்தில் மூன்று நாள் புளோக்குக்குக் கீழே உள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்துக்குப் போகிறார். அங்கே உடற்பயிற்சி முடிந்து மற்றவர்களோடு மதிய உணவு. முதலில் "சீனக் கிழவிங்களோட நான் என்ன பேசுவேன்?" என்றார். இப்போது பாசார் மலாயில் அங்கே ஒரே அரட்டை. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு மக்சிக் கொண்டுவரும் காய்கறி லோடேக்கும் அம்மாவின் பருப்புக் கடைசலும் ஒரே மேசையில்.

சனிக்கிழமை என் மகன் பாட்டி வீட்டில். அவன் காரியங்களை வரிசையாகத் தாளில் எழுதி அடுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறான்: ஒன்று, புளி ஊறப்போடு. இரண்டு, பருப்பு. கடைசி வரி: அடுப்பை அணை. அவன் வாசிக்க, பாட்டி சமைக்கிறார். அம்மாவிடமிருந்து சமையலைப் பறித்துவிட்டுச் சாப்பாட்டைப் பெட்டியில் கொடுத்தனுப்புவதுதான் என் முதல் திட்டமாக இருந்தது. நல்லவேளை, உணவியல் நிபுணர் தடுத்தார். சமையல் அம்மாவுக்கு மூளைப் பயிற்சி, பாதுகாப்பாகச் செய்ய மட்டும் உதவுங்கள் என்றார். எரிவாயு அடுப்பை மாற்றித் தானாக அணையும் மின்னடுப்பு வாங்கினோம். பவுடர் டின்னுக்கும் மாத்திரைக்கும் போன பணத்தில் அது வந்துவிட்டது.

ஒன்பது மாதங்களுக்குப் பிறகு

அம்மாவின் பி12 அளவு இப்போது சரியாக இருக்கிறது. பாதத்து மதமதப்பு குறைந்துவிட்டது. நான்கு கிலோ எடை கூடியிருக்கிறார். முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. நாளிதழை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார்.

ஆனால் எல்லாம் திரும்பிவிடவில்லை. நினைவாற்றல் பிரிவில் விரிவாகச் சோதித்துவிட்டு, 'இலேசான அறிவாற்றல் குறைபாடு' என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த நிலையில் உள்ள எல்லாருக்கும் மறதிநோய் வந்தே தீரும் என்பதில்லை. சிலர் அப்படியே நீடிப்பார்கள், சிலர் தேறுவதும் உண்டு. அம்மா எந்தப் பக்கம் போவார் என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். கீரையும் காளானும் அவரைக் காப்பாற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பொங்கலன்று சிரித்துவிட்டு விட்டோமே, அப்படியே இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பி12 குறைபாட்டை நெடுங்காலம் கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடும் என்று மருத்துவர் சொன்னது காதில் நிற்கிறது.

உங்கள் பெற்றோர் தனியாகவோ, இருவராகவோ வசித்தால், அடுத்த முறை போகும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• குளிர்பதனப் பெட்டியில் கெட்டுப்போனவை, ஒரே பொருள் பல பொட்டலங்கள், தொடாமல் இருக்கும் உணவு.

• தளர்ந்த உடை, தளர்ந்த வளையல். முயற்சி இல்லாமல் எடை குறைந்தால் மகிழ வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• பல், ஈறு, பல் செட். மெல்ல முடியாதவர் சொல்ல மாட்டார். மென்மையான இனிப்புக்கும் பிஸ்கட்டுக்கும் மாறிவிடுவார்.

• வழக்கமாகச் செய்யும் பண்டத்தில் ருசி மாறுவது, ஒரு பொருள் விட்டுப்போவது, அடுப்பை மறப்பது.

• மெட்ஃபார்மின், அமிலக் குறைப்பு மாத்திரை நீண்டகாலம் எடுப்பவரும், முழுச் சைவரும் பி12 பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கடையில் வாங்கிய மாத்திரைகளையும் அவரிடம் காட்டுங்கள்.

இப்போதும் வேலை முடிந்து பேருந்தில் வரும்போது அம்மாவை அழைக்கிறேன். "இன்னைக்கு என்ன குழம்பும்மா?" என்று கேட்கிறேன். சில நாள் உடனே சொல்வார். சில நாள் சற்று யோசிப்பார். போன வியாழக்கிழமை வெகுநேரம் யோசித்துவிட்டு, "இரு, அடுப்படிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"வத்தக்குழம்பு. வந்தா உனக்கும் இருக்கு."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஈசூன் பேருந்துக்காகக் காத்து நின்றேன்.